கரண்டு வேண்டாம் என்கிற லைன்மேன்

அருப்புக்கோட்டை,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ரேணுகாதேவிக்கு அம்மா எழுதுவது. நான் நலம். உன் அப்பாவுக்கு உடம்பு நலம், புத்தி எப்படி என்பதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்த ஓயாத மழையில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்கத் துணைமாலையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ உள்ளே புகுந்து, அப்பா பாவம்மா என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்துக்குள் யாரும் புக முடியாது. ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து முழுசாகப் படி.

வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு நீயும் அப்பாவோடு காட்டுக்குப் போய்விடும்மா, மனசுக்கும் உடம்புக்கும் நல்லது என்று போன மாதம் சொன்னாய். சொல்வது உனக்குச் சுலபம். நீ குளிக்கிற தண்ணீரே அங்கே சூடாகத்தான் வருகிறது. இந்த வீடு என் பேரில் இருக்கிற ஒரே காரணத்தால்தான் இன்னும் விற்காமல் நிற்கிறது. இதைத் தை மாதத்துக்குள் விற்றுவிட்டு, திருச்சுழிக்கு அந்தப் பக்கம் நரிக்குடி ரோட்டில் என் பிறந்த ஊரில் எனக்கு என் அப்பா கொடுத்த மானாவாரிக் காட்டில் வீடு கட்டி, கரண்டு லைன் இல்லாமல், குழாய் இல்லாமல், கடைகண்ணி இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் வாழ வேண்டுமாம். அதற்குத் தற்சார்பு என்று பெயர். உன் அப்பா அந்த வார்த்தையைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், மாலை போட்ட சாமி மாதிரி ஆகிவிடுகிறது. ரிட்டையர் ஆகி இரண்டு வருஷத்தில் அந்த மனிதர் படித்தது எல்லாம் நீ அனுப்பிய வீடியோதான். காட்டுக்குள் குடிசை போட்டுக் கோழி வளர்க்கிற வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும். அவர்கள் ஊரில் வானம் சதா ஒழுகிக்கொண்டே இருக்கிறது, கூரைக்குக் கீழே அண்டாவை வைத்தால் நிறைகிறது. இங்கே மழை எட்டிப் பார்த்துவிட்டு, தெரியாத வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று போய்விடும். நீ பிறந்து வளர்ந்த ஊர்தானே, இதைக்கூட நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் காட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும், கோவில் கொடைக்குப் போகும்போது பஸ்ஸு ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாய். என் அப்பா போன பிறகு அதில் ஏர் இறங்கவில்லை. சீமைக்கருவேலம் மண்டி, ஆடுகூட உள்ளே நுழைய யோசிக்கும். உன் அப்பா ஜேசிபி வைத்து அத்தனையையும் பிடுங்கினார். பிடுங்கிய கையோடு முதல் வேலையாக என்ன செய்தார் தெரியுமா, போர்டு எழுதி வைத்தார். கனகலட்சுமி தற்சார்புப் பண்ணை என்று பச்சை பெயின்ட்டில். சுவர் இல்லை, கூரை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, என் பேர் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கிறது. அடுத்து அங்கேயே மண்ணைக் குழைத்துக் குடிசைக்குச் சுவர் வைத்தார். கரிசல் மண் வெயிலில் பிளக்கும், மழையில் உப்பும் என்பது எங்கள் ஊர்க் கோழிக்குஞ்சுக்குத் தெரியும். உன் மாமா மாரிக்கண்ணன் சொல்லிப் பார்த்தான், செவல் மண் லோடு அடிச்சுத் தாரேன் மச்சான், இந்த மண்ணு வேண்டாம் என்று. வெளியிலிருந்து மண் வாங்கினால் அது தற்சார்பு இல்லையாம். ஒரு மாதத்தில் சுவர் பிளந்து கையை விட்டு எடுக்கலாம் போல ஆனது. என்ன இது என்று கேட்டால் காற்றோட்டம் என்கிறார்.

சோலார் தகடு ஒன்று, பேட்டரி ஒன்று, பல்பு ஒன்று, விசிறி ஒன்று, இதோடு அங்கேயே குடியேறிவிட்டார். அந்த விசிறி சுற்றும்போது இறக்கையை ஒவ்வொன்றாக எண்ணலாம். போர் போட்டார், உப்புத்தண்ணீர் வந்தது, பல் விளக்கினால் கருவாடு தின்ற மாதிரி இருக்கிறது. கத்தரி, வெண்டை, தக்காளி எல்லாம் நாற்று விட்டார். மயில் வந்தது. இயற்கைக்கும் நாம் பங்கு கொடுக்க வேண்டும் என்றார். மயில் எல்லாப் பங்கையும் எடுத்துக்கொண்டு போனது. பிறகு நடந்த தற்சார்பையும் கேள். வாரத்துக்கு இரண்டு தடவை டிவிஎஸ்ஸில் நாலு கேனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து என் குழாயில் தண்ணீர் பிடிப்பார். அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுத் துவைத்த துணியை எடுத்துக்கொள்வார். போனுக்குச் சார்ஜ் ஏற்றுவார். விசிறிக்குக் கீழே படுத்து ஒரு தூக்கம் போட்டு எழுந்து, இந்த டவுனு வாழ்க்கை ஒரு வாழ்க்கையா கனகு என்று சொல்லிவிட்டு, சாம்பாரைத் தூக்குவாளியில் ஊற்றி வாங்கிக்கொண்டு போவார். நீ போனில் அப்பா எவ்வளவு தைரியமாகத் தனியாக வாழ்கிறார் என்று பெருமைப்பட்டாயே, அது இந்தத் தூக்குவாளி தைரியம்தான்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் பிறந்த ஊரில் எங்கள் தெருவுக்குக் கரண்டு கம்பம் வந்தபோது எனக்குக் கல்யாண வயது. அதுவரை கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, ஊற ஊறச் சிரட்டையால் மோந்து, ஒரு குடம் நிறைவதற்குள் பொழுது போய்விடும். சிம்னி விளக்குப் புகையில் மூக்கைச் சிந்தினால் கரியாக வரும். கம்பம் நட வந்தவர்களில் ஒருத்தரைக் காட்டி என் அப்பா சொன்னார், நெலமிருக்கிறவன் வேண்டாம் தாயி, இவரு கரண்டு மாப்பிள்ளை, நீ இருட்டுல கெடக்க மாட்ட என்று. வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை. கறுப்பா சிவப்பா என்றுகூடப் பார்க்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன், என் மாமியார் வந்து, பல்பு பீஸாயிரும் போதும் என்று கையைத் தட்டிவிட்டார்கள். அப்படி வந்தவளைத்தான் அதே ஊருக்கு, அதே இருட்டுக்குத் திரும்பக் கூட்டிப் போகிறேன் என்கிறார், கம்பம் நட்ட அந்த ஆளே. இருட்டில் நட்சத்திரம் நன்றாகத் தெரியும் அம்மா என்று நீ ஒத்து ஊதுகிறாய். நட்சத்திரத்தை நான் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. அது மிக்ஸியை ஓட்டாது.

சரி, ஐப்பசியில் நடந்ததற்கு வருகிறேன், அதைப் பற்றி உன் அப்பா உன்னிடம் மூச்சு விட்டிருக்க மாட்டார். நம் நிலத்தில் விழுகிற ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்று எவனோ ஒரு வீடியோவில் சொன்னானாம். ஜேசிபி இருக்கும்போதே நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரை போட்டுவிட்டார். தண்ணீர் வெளியேற ஒரு வாய்மடைகூட விடவில்லை. எங்கள் காட்டு வழியாகத்தான் மேற்கேயிருந்து ஓடை வந்து ஊர் ஊருணியில் விழும். ஓடை என்றால் வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் பள்ளம், புதிதாகப் பார்க்கிறவனுக்கு மாட்டுத் தடம் மாதிரித் தெரியும். அதை எங்கள் ஊரில் யாரும் மறிக்க மாட்டார்கள். பங்காளிச் சண்டையில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்கூட தண்ணீர் வரத்தை மட்டும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். ஐப்பசியில் ஒரே ஒரு நாள் நல்ல மழை பெய்தது. மேற்கே விழுந்தது பூராவும் ஓடி வந்து உன் அப்பா கரைக்குள் நின்றது. கீழே ஊருணி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, இவர் கரைமேல் நின்று போட்டோ எடுத்து, நம்ம காட்டுல கடல் என்று உனக்கு அனுப்பினார். நீயும் இதயம் இதயமாகத் திருப்பி அனுப்பினாய். அந்தப் போட்டோவில் நின்றது ஒரு ஊர் குடிக்கிற தண்ணீர், தாயே.

மாரிக்கண்ணன் எனக்குப் போன் போட்டான். அக்கா, நீ ஒடனே வா, ஊரே கரைமேல நிக்கி, ஆனா மச்சான் மேல யாரும் கை வைக்க மாட்டோம், வரப்புலகூட வைக்க மாட்டோம் என்றான். எங்கள் ஊர் வழக்கம் அது. பெண் எடுத்த மாப்பிள்ளையின் வரப்பில் ஊர்க்காரன் மண்வெட்டி வைத்தால், கொடுத்த பெண்ணைத் திரும்பக் கேட்பது மாதிரி. அதுவும் இவர் தெருத்தெருவாக லைட்டுப் போட்டுக் கொடுத்தவர். வெட்ட வேண்டும் என்றால் ஊர்ப் பெண்தான் வெட்ட வேண்டும். பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினால், ஆணும் பெண்ணுமாக மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கோவிலில் பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள், ஒருத்தரும் ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. உன் அப்பா மட்டும் நடுவில் பனியனோடு நின்று நிலத்தடி நீர்மட்டம் எப்படி உயரும் என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நீர்மட்டம்! குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம்! என் கூடப் படித்த ஒச்சம்மாள் அவள் மண்வெட்டியை என் கையில் கொடுத்து, ஏ கனகு, நீ வெட்டு, எங்க கையால வெட்டுனா அவுகளுக்கு மரியாதை இல்ல என்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான்தான் வெட்டினேன். மண்வெட்டி பிடித்து எத்தனை காலமாயிற்று, உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. நான் மூன்று வெட்டு வெட்டியதும் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், தண்ணீர் நுரையடித்துக்கொண்டு பாய்ந்தது, பிள்ளைகள் அதன் கூடவே ஊருணிக்கு ஓடினார்கள். எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. தண்ணீருக்குச் சீரழிந்த ஊரில் பிறந்தவள், என் காட்டிலேயே வரத்தை மறித்து, என் ஊர்க்காரர்களை மண்வெட்டியோடு காக்க வைத்துவிட்டேனே என்று இருந்தது. திரும்பி இவரைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். வீடியோவுல இதச் சொல்லலையே என்றார். அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் கம்பத்தில் ஏறிய மனிதர், ஒரு கம்பியைத் தொடுவதற்கு முன்னால் அது எங்கேயிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்த்துத்தான் தொடுவார். ஓடையை மட்டும் பார்க்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் இங்கே வரவில்லை. தண்ணீர் கேனும் வரவில்லை, அழுக்குத் துணியும் வரவில்லை. ஊர்க்காரர்கள் முகத்தில் முழிக்கவும் கூச்சம், என் முகத்தில் முழிக்கவும் கூச்சம், போட்ட போர்டைக் கழற்றவும் ரோஷம். பிளந்த சுவருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்லது, தொல்லை விட்டது என்று நினைத்தேன். நாலு நாள்கூட அப்படி நினைக்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன், எனக்கு வீடு பிடிக்கவில்லை. எல்லா விளக்கையும் போட்டு வைத்தாலும் பிடிக்கவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் சமைத்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கொடுத்ததைச் சாப்பிட்டார். நானும் திட்ட வேண்டியதை எல்லாம் திட்டிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். போய் இருந்துவிடலாமா என்றும் ஒரு தரம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சுவரைப் பார்த்ததும் நினைப்புப் போய்விட்டது.

இரண்டு வெள்ளிக்கு முன்னால், பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். வீட்டை விற்பதைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறார், வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நான் நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்தேன். பஸ் தூரத்தில் வருவது தெரிந்த பிறகு கேட்டார், வீட்ல லைட்டெல்லாம் எரியுதா என்று. எரியாமல் என்ன, நல்லா எரியுது என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். திருச்சுழி தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் ஒரு இடி இடித்தால் போதும், இந்த டவுனு பாதி அவருக்குப் போன் போடும். சாப்பிட்ட கையைக் கழுவ விடாமல் கூப்பிடுவார்கள், அவரும் சலித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு பறப்பார். ரிட்டையர் ஆன பிறகு கரண்டு அதுபாட்டுக்குப் போகிறது, அதுபாட்டுக்கு வருகிறது, இவரைக் கேட்க ஒரு நாதி இல்லை. போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், அந்த நேரத்தில்தான் நீ வீடியோ அனுப்பினாய். மண் மேல் ஆசையும் இல்லை, மயில் மேல் ஆசையும் இல்லை. தன்னைக் கேட்காமல் கரண்டு வந்து போகிற ஊரில் அவரால் இருக்க முடியவில்லை. கரண்டே இல்லாத இடத்துக்குப் போய்விட்டால் அந்த அவமானம் இல்லை பார். ஒரு மனிதர் கோபித்துக்கொண்டு போவதற்கு எவ்வளவு மரம் வெட்ட வேண்டியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். மோட்டார் சுவிட்சில் பொறி பறக்கிறது, நம் தெருவில் புதிதாக வந்திருக்கிற எலக்ட்ரீசியன் காளீஸ்வரனை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவனுக்கு எர்த்து எதுன்னு தெரியுமா, பேஸு எதுன்னு தெரியுமா, எவனையும் தொட விடாத, நான் வாரேன் என்றார். கையைக் கழுவிவிட்டு அதே பஸ்ஸில் என் கூடவே ஏறிவிட்டார், கால் பூராவும் கரிசல், வேட்டியெல்லாம் கறை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கிறேன், சட்டைப் பையில் டெஸ்டர். கரண்டே இல்லாத காட்டில் அந்த டெஸ்டரை எதற்கு வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தூசி விழுந்தது என்று நீ வைத்துக்கொள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வந்ததும் அந்தச் சுவிட்சைக் கழற்றினார். அதில் ஒரு பொறியும் பறக்கவில்லை, பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. உன் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல வேளை சொன்ன, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வீடே எரிஞ்சிருக்கும் என்றார். என் பொய் அவருக்குத் தெரிந்ததா, இல்லை நிஜமாகவே ஏதாவது கண்டுபிடித்தாரா என்று எனக்கு விளங்கவில்லை, விளங்க வேண்டியதும் இல்லை. அப்போது தொடங்கியது. சுவிட்ச் போர்டைத் திறந்தார், சுவரைக் கொத்தினார், வயரை உருவினார். இந்த வயரிங்கை எந்த மடையன் போட்டான் என்று ஏணி மேல் நின்று திட்டுகிறார். நீ பிறந்த வருஷம் அவரேதான் போட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் கரண்டு இல்லை. விசிறி இல்லை, மிக்ஸி இல்லை, மோட்டார் ஓடாமல் தெருக் குழாயில் குடத்தோடு நிற்கிறேன். எந்த இருட்டுக்குப் போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேனோ அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இந்தக் கடிதத்தை வாசலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேர்த்து விறுவிறுத்து எழுதுகிறேன். அவர் உள்ளே பாட்டு முனகிக்கொண்டு சுவரைக் கொத்துகிறார்.

இந்த நாலு நாளாக வீட்டை விற்கிற பேச்சை எடுக்கவில்லை. இனிமேல் எடுக்கமாட்டார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வயரிங் முடிந்துவிட்டால் மறுபடியும் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவார், அதற்குத்தான் எனக்குப் பயம். கிரைண்டர் இருக்கிறது, பிரிட்ஜ் இருக்கிறது, பின்பக்கத்து லைட்டு இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கெடுப்பேன். ஆனால் ஒரு பொம்பிளை ஒரு வீட்டில் எத்தனை கோளாறுதான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே நீ உடனே செய்ய வேண்டியது இது. அந்தக் கோழிக்கார வெள்ளைக்காரன் வீடியோவை இனிமேல் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போடு. தக்காளி எப்படிப்பா என்று கேட்காதே. உன் வீட்டில் ஒரு லைட்டு விட்டு விட்டு எரிகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொல். அங்கே பிளக்கு வேறு மாதிரி இருக்கும் என்றாயே, அதைக் கழற்றாமல் போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே யாருக்கும் இதைப் பற்றித் தெரியவில்லையப்பா என்றும் சேர்த்துச் சொல். எல்லா லைட்டும் நன்றாக எரிந்தாலும் சொல்.

பேத்திக்கு என் முத்தம். மாப்பிள்ளையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னேன் என்று சொல். மூவரும் கால்வலி தலைவலி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகலட்சுமி